மாத்திரை தீரும் நாளும் நிபுணரைப் பார்க்கும் நாளும்: குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்ப மருத்துவர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும்,

வணக்கம். வலிப்பு மாத்திரையோடு காலம் தள்ளுகிறவர்களில் நானும் ஒருத்தி. பல வருடமாக ஒரே மாத்திரை, ஒரே டோஸ். வலிப்பு கட்டுக்குள் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் உங்களிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: நரம்பியல் நிபுணரை அடுத்து பார்க்கும்வரை இதே மாத்திரையை இதே அளவில் எழுதிக் கொடுங்கள். உங்களில் பலர் சொல்கிற பதிலும் ஒன்றுதான்: "இதையெல்லாம் நான் எழுத முடியாதும்மா, நரம்பு டாக்டரைப் போய்ப் பாருங்க."

அந்தப் பதிலைச் சொல்லும்போது உங்கள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று தெரியும். தெரியாத மருந்தில் கை வைக்க வேண்டாம், தெரிந்தவர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற நல்ல எச்சரிக்கைதான் அது. ஆனால் மறுத்துவிட்டால் நோயாளிக்கு எந்தக் கெடுதலும் வராது என்ற நினைப்பும் அதற்குள் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கையில் இருக்கிற அட்டையில் இன்னும் நாலு மாத்திரை. நிபுணரைப் பார்க்க நாள் கொடுத்திருப்பது இரண்டு மாதம் கழித்து. இந்த நிலையில் நீங்கள் சீட்டு எழுதாமல் அனுப்பினால், என் சிகிச்சையை யாரும் மாற்றவில்லை என்று சொல்ல முடியாது. மாற்றியாகிவிட்டது. நாலு வேளைக்குப் பிறகு மருந்தைச் சட்டென்று நிறுத்துவது என்று முடிவாகிவிட்டது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். கடுமையான ஒவ்வாமை போன்ற அவசரம் இல்லாதபோது, வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்துங்கள் என்று எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. நிறுத்த வேண்டிய அவசியம் வந்தால்கூட நிபுணர்கள் வாரக்கணக்கில், சில மருந்துகளை மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துகிறார்கள்.

அப்படி நிதானமாக நிறுத்துவதே எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. குறைந்தது 2 ஆண்டுகள் வலிப்பே வராமல் இருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், இன்னொரு குழுவுக்கு மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். அடுத்த 2 ஆண்டுகளில் வலிப்பு திரும்பாமல் இருந்தவர்கள், மருந்தைத் தொடர்ந்த குழுவில் 78 சதவீதம்; நிறுத்திய குழுவில் 59 சதவீதம். திட்டமிட்டு, மேற்பார்வையோடு, மெதுவாக நிறுத்தியதற்கே இந்தக் கணக்கு. சீட்டு கிடைக்காமல் ஒரு வியாழக்கிழமை ராத்திரியோடு நின்றுபோகிற மருந்துக்கு மேற்பார்வையும் கிடையாது, திட்டமும் கிடையாது.

இதிலும் மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. லெவெடிரசெட்டம் பெரியவர்களின் ரத்தத்தில் 6 முதல் 8 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டு நாள் இல்லையென்றால் உடம்பில் கிட்டத்தட்ட எதுவும் மிச்சமில்லை. ஃபீனோபார்பிட்டோன் மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் அது இறங்கும்போது கிளப்பிவிடுகிற வலிப்பு வேறு வகை. மருந்து விட்டதாலேயே வருவது. க்ளோபாசம், க்ளோனாசெபாம் இரண்டும் அப்படித்தான். இவற்றை நீண்ட நாள் சாப்பிட்டவருக்குத் திடீரென்று நின்றால், அதற்கு முன் வலிப்பே இல்லாதவருக்குக்கூட வலிப்பு வரலாம். வலிப்பு நோய் இருக்கிறவருக்கு என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 5 நிமிடத்துக்கு மேல் நீடிக்கிற பெருவலிப்பை, அதாவது நினைவிழந்து உடம்பு முழுதும் வெட்டி இழுக்கிற வலிப்பை, அவசர நிலையாக எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்க வேண்டும். 30 நிமிடத்தைத் தாண்டினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். இதுவும் நீங்கள் படித்ததுதான். அந்த நிலைக்குக் கொண்டுபோய் விடுகிற காரணங்களில் மருந்து நின்றுபோவது அடிக்கடி பார்க்கிற ஒன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வீட்டில் யாரும் பேச விரும்பாத விஷயம். வலிப்பு நோயாளிகளில் சிலர் எந்த வெளிக்காரணமும் இல்லாமல், பெரும்பாலும் தூக்கத்தில், திடீரென இறந்துபோகிறார்கள். பெரியவர்களில் ஆண்டுக்கு 1,000 பேரில் ஒருவருக்கு இப்படி நடக்கிறது என்பது அமெரிக்க நரம்பியல் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கும் கணக்கு. அதற்கான ஆபத்துக் காரணங்களில் முதலில் நிற்பது கட்டுப்படாத பெருவலிப்பு. நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. "இரண்டு வாரம் மாத்திரை இல்லாமல் சமாளிக்க முடியாதா?" என்று ஒரு மருத்துவர் என்னைக் கேட்டிருக்கிறார். அவருக்கான பதில் இது.

சாவு வரைக்கும் போக வேண்டாம். ஒரே ஒரு வலிப்பு வந்துபோன மறுநாள் காலை எப்படி இருக்கும் என்று பாருங்கள். நாக்கின் ஓரம் கடிபட்டு, வாயில் இரும்புத் துரு ருசி. தொடையும் முதுகும் யாரோ அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும். முந்தின நாள் யாரிடம் என்ன பேசினோம் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் நாம் எழுந்தால் எழுவார்கள், குளியலறைக்குப் போனால் கதவைத் தாழ்ப்பாள் போடாதே என்பார்கள். பல நாடுகளில் அந்த ஒரு வலிப்போடு மாதக்கணக்கில் வண்டி ஓட்டும் உரிமை போய்விடும். சிலருக்கு அதோடு வேலையும் போகும். வருடக்கணக்கில் சேர்த்து வைத்த "கடைசியாக வலிப்பு வந்து இத்தனை நாள்" என்ற கணக்கு பூஜ்யத்துக்கு வந்து நிற்கும்.

சரி, லாமோட்ரிஜினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இடைவெளி விழுந்தால் என்ன விலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற மருந்து இல்லை. இந்த மருந்தை எடுத்தவுடன் முழு அளவில் கொடுக்கக் கூடாது. வேகமாக ஏற்றினால் தோலில் தடிப்பு வரும். அது சில சமயம் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறியாக, உயிருக்கே ஆபத்தாக முடியும். அதனால் பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 25 மில்லிகிராமில் தொடங்கி 2 வாரம், அப்புறம் 50 மில்லிகிராமில் 2 வாரம், அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கூடவே வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் சாப்பிடுகிறவராக இருந்தால் தொடக்கமே ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மில்லிகிராம்தான்.

இதில் பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. மருந்து உடம்பில் பாதியாகக் குறைகிற காலத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால், பழைய டோஸுக்கு நேராகத் திரும்ப முடியாது. மறுபடியும் 25-லிருந்து ஏணி ஏற வேண்டும். லாமோட்ரிஜினை மட்டும் சாப்பிடுகிறவருக்கு இது ஏறக்குறைய 5, 6 நாள். கூடவே கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் மாதிரி அதை வேகமாக வெளியேற்றுகிற மருந்து இருந்தால் இன்னும் சீக்கிரம், 3 நாளே போதும். ஆக, "அடுத்த வாரம் வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பப்படுகிற ஒருவர், அடுத்த வாரம் வரும்போது பழைய மாத்திரையைச் சாப்பிடவே முடியாத நிலையில் வருகிறார். அதன்பிறகு முழு டோஸுக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் அவர் பாதுகாப்புக் குறைந்துதான் நடமாட வேண்டும். இதைத் தெரியாமல் பழைய டோஸையே மறுபடி எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு ஆபத்து. ஆறாம் நாள் யோசித்து எழுத வேண்டிய சிக்கல் எதுவும் முதல் நாளே எழுதியிருந்தால் வந்திருக்காது.

உங்கள் தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஃபெனிட்டாயினை 300-லிருந்து 400-க்கு ஏற்றினால் ரத்தத்தில் அளவு மூன்றில் ஒரு பங்குதான் ஏறும் என்று கணக்குப் போட முடியாது, திடீரென்று பல மடங்கு எகிறி நோயாளி தள்ளாடிக்கொண்டு வருவார். கார்பமாசெபின் சில மரபணு வகை உள்ளவர்களுக்குக் கடுமையான தோல் நோயைக் கொண்டுவரும். ஃபீனோபார்பிட்டோனும் க்ளோபாசமும் க்ளோனாசெபாமும் மனதைப் பாதிக்கும் மருந்துகளுக்கான 1971-ன் ஐ.நா. ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை; அதனால் நாட்டுக்கு நாடு அவற்றுக்குத் தனிச் சட்டங்கள், தனிச் சீட்டு, தனிக் கணக்கு. நாளைக்கு ஏதாவது ஆனால் "நீ ஏன் எழுதினாய்?" என்று உங்களைத்தான் கேட்பார்கள், எழுதாதவரை யாரும் கேட்பதில்லை. எல்லாம் புரிகிறது.

ஆனால் இந்தப் பயங்கள் முக்கால்வாசி, மருந்தைப் புதிதாகத் தொடங்குவதையோ டோஸை மாற்றுவதையோ பற்றியவை. ஏற்கனவே ஒரு நிபுணர் பார்த்து, தேர்ந்து, அளவு சரிபார்த்து, வருடக்கணக்கில் ஒத்துப்போயிருக்கிற மருந்தை அப்படியே தொடர்ந்து எழுதுவது வேறு வேலை. அதில் நீங்கள் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நிபுணர் தொடங்கி வைப்பதும் குடும்ப மருத்துவர் தொடர்ந்து எழுதுவதும் பல நாடுகளில் அன்றாட நடைமுறை.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம். என் சீட்டில் முதல் வரியில் ரத்த அழுத்த மாத்திரையை யோசிக்காமல் எழுதிவிட்டு, இரண்டாம் வரியில் பேனாவைத் தூக்கிவிடுகிற கையைப் பார்த்திருக்கிறேன். அதே கை, முதுகு வலி என்றதும் ட்ரமடாலை எழுதியது. ட்ரமடால் வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்து. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளும் அப்படித்தான். கார்பமாசெபின் சாப்பிடுகிறவருக்கு எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ போன்ற வேறு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கார்பமாசெபின் ரத்தத்தில் ஏறி, தலைசுற்றலும் இரட்டைப் பார்வையுமாக வந்து நிற்பார். வலிப்பு மருந்துகளில் கை வைக்க மாட்டேன் என்று சொன்னாலும், மற்ற மருந்துகள் வழியாக தினமும் கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மருந்துப் பட்டியலை முழுதாக நீங்களே எழுதினால் இந்த மோதல்கள் உங்கள் கண்ணில் படும். பாதியை நீங்களும் பாதியை எங்கோ இருக்கிற நிபுணரும் எழுதினால் இருவர் கண்ணிலும் படாமல் போகும்.

"வலிப்பு என்றாலே நிபுணர் நோய்" என்ற எண்ணத்தை உலக சுகாதார நிறுவனம் எப்போதோ கைவிட்டுவிட்டது. உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அவர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் வாழ்வது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது அந்த நிறுவனம். ஆனால் நிபுணர்கள் எங்கே? 2017-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நரம்பியல் வரைபட நூலில், நரம்பியல் மருத்துவர், நரம்பியல் அறுவை மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர் மூவரையும் சேர்த்தே, பணக்கார நாடுகளில் ஒரு லட்சம் பேருக்கு 7.1, ஏழை நாடுகளில் 0.1. பத்து லட்சம் பேருக்கு ஒருவர். அந்த ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் மாத்திரை என்றால் யாருக்கும் மாத்திரை கிடைக்காது.

அதனால்தான் அந்த நிறுவனம் 2008-ல் தொடங்கிய மனநல இடைவெளி நிரப்பும் செயல்திட்டத்தில் வலிப்பு நோயையும் சேர்த்தார்கள். 2010-ல் வந்த அதன் கையேடு நிபுணர் அல்லாதவர்களுக்காகவே எழுதப்பட்டது. பயிற்சி பெற்ற பொது மருத்துவரும் செவிலியரும் வலிப்பைக் கண்டறிந்து மருந்து தொடங்குவது எப்படி என்று அதில் இருக்கிறது. கானா, மொசாம்பிக், மியான்மர், வியட்நாம் ஆகிய நாடுகளில் ஆரம்ப சுகாதார நிலை ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து இதைச் செய்தும் பார்த்தார்கள். சீனாவின் கிராமப்புறங்களில் நடந்த திட்டத்தின் முடிவு 2006-ல் வெளியானது. அடிப்படைப் பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் மருத்துவர்கள், 1912-லிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய ஃபீனோபார்பிட்டோனை வைத்தே 2,000-த்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள். ஓராண்டு தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 68 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்குக் குறைந்தது அல்லது அதைவிடவும் குறைந்தது; மூன்றில் ஒருவருக்கு முழுதாக நின்றது. அவர்கள் செய்தது மருந்து தொடங்கும் வேலை. நான் உங்களிடம் கேட்பது அதைவிட எவ்வளவோ எளிது.

எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், நிபுணர் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வலிப்பு வந்தவரை, நிபுணர் எட்டும் தூரத்தில் இருந்தால், கட்டாயம் அனுப்புங்கள், சீக்கிரமாக அனுப்புங்கள். வெறும் மயக்கத்தையும், மன அழுத்தத்தால் வருகிற துடிப்பையும் வலிப்பென்று முத்திரை குத்தி வருடக்கணக்கில் மாத்திரை விழுங்க வைத்த கதைகள் நிறைய. வலிப்பின் வகை தெரியாமல் கார்பமாசெபினோ ஃபெனிட்டாயினோ தொடங்கினால், கண் நிலைகுத்தி நிற்கிற வகையும், காலையில் கை கால் வெட்டி இழுக்கிற வகையும் கூடுதலாகத்தான் ஆகும். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லையென்றால், அதற்கு மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2010-லேயே வரையறை தந்திருக்கிறது. அவருக்குத் தேவை மூன்றாவது, நாலாவது மாத்திரையை நீங்கள் முயன்று பார்ப்பது இல்லை. அறுவை சிகிச்சை உதவுமா என்று பார்க்கக்கூடிய மையம்.

வால்ப்ரோயேட் சாப்பிடுகிற பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டால் ஏறக்குறைய 10 சதவீதக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு, 30 முதல் 40 சதவீதம் பேருக்குப் பேச்சிலும் படிப்பிலும் மூளை வளர்ச்சியிலும் சிக்கல் என்பது ஐரோப்பிய மருந்து முகமை சொல்லும் அளவு. அதனால் குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண் யார் வந்தாலும், எழுதும்போதே கேளுங்கள்: கர்ப்பமாகத் திட்டமிருக்கிறதா, கருத்தடை என்ன, இதை நிபுணரிடம் பேசியிருக்கிறீர்களா? பேசவில்லையென்றால் அவசரமாக அனுப்புங்கள். ஆனால் அங்கேயும் கையிலிருக்கிற மாத்திரையைப் பட்டென்று நிறுத்தி அனுப்பாதீர்கள். கர்ப்பம் என்று தெரிந்த மாத்திரத்தில் தானாக மருந்தை நிறுத்திவிட்டு, பெருவலிப்பில் விழுந்து தாயும் சேயும் ஆபத்தில் சிக்குவதும் நடக்கிறது. இன்னொரு பக்கம், கார்பமாசெபின், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் மூன்றும் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். லாமோட்ரிஜினில் விஷயம் தலைகீழ்: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் அளவைப் பாதிவரை இறக்கிவிடும். கருத்தடை மாத்திரையை எழுதுவது பெரும்பாலும் நீங்கள்தான், நரம்பியல் நிபுணர் இல்லை. இந்த ஒரு விஷயத்திலாவது நிபுணரைவிட நீங்கள்தான் எங்களுக்கு அருகில் இருக்கிறீர்கள்.

சரி, அப்படி ஒருவர் வந்தால் என்ன பார்த்து எழுதுவது? பெரிய சோதனை எதுவும் வேண்டாம். கடைசியாக எப்போது வலிப்பு வந்தது, அதன்பிறகு மாத்திரையில் ஏதாவது மாற்றம் உண்டா, வேளை தவறியதா, எத்தனை நாள் தவறியது என்று கேளுங்கள். புதிதாக வேறு மருந்து ஏதும் சேர்ந்திருக்கிறதா, தூக்கம் எப்படி, மனநிலை எப்படி என்றும் கேளுங்கள். லெவெடிரசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் கொண்டுவரும், "கொஞ்ச நாளாகக் கோபம் அதிகமா வருதா?" என்று நீங்கள் கேட்டால்தான் அவர் வாயைத் திறப்பார், தானாகச் சொல்ல மாட்டார். அப்புறம் பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் வாங்கிப் பாருங்கள். பெயர் மட்டும் போதாது. சாதா மாத்திரையா, மெதுவாகக் கரைகிற வகையா என்பதை அப்படியே எழுதுங்கள். ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டோன் மூன்றுக்கும் இயன்றவரை அதே நிறுவனத் தயாரிப்பையே தொடர்வது நல்லது என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-லேயே சொல்லியிருக்கிறது. லெவெடிரசெட்டத்துக்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை.

எழுதும்போது நிபுணரைப் பார்க்கும் நாள் வரைக்கும் கணக்குப் போட்டு, அதற்கு மேல் இரண்டு வாரம் சேர்த்து எழுதுங்கள், சட்டம் அனுமதிக்கிற வரையில். அந்த நாள் தள்ளிப்போகும். எப்போதும் தள்ளிப்போகும். ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதி "அதுக்குள்ள ஸ்பெஷலிஸ்ட்டைப் பாத்துடுங்க" என்று அனுப்புவது பாதி உதவி. ஒரு வாரம் கழித்து அதே நாற்காலியில் அதே கேள்வியோடு வந்து உட்கார்வோம். கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து என்றால் உங்கள் சட்டம் எத்தனை நாளுக்கு அனுமதிக்கிறதோ அத்தனை நாளுக்கு எழுதுங்கள். பிரிட்டனில் ஃபீனோபார்பிட்டோனுக்கு ஒரு விதிவிலக்கே வைத்திருக்கிறார்கள்: இந்த மாதிரிக் கடுங்கட்டுப்பாட்டு மருந்துகளைச் சீட்டில்லாமல் அவசரத்துக்குக் கொடுக்கக் கூடாது, ஆனால் வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டோனை மட்டும் மருந்தாளுநர் 5 நாளுக்குக் கொடுக்கலாம். இடைவெளி விழக் கூடாது என்பது சட்டம் எழுதியவர்களுக்கே புரிந்திருக்கிறது.

நரம்பியல் நிபுணர்களிடமும் போகிற போக்கில் ஒரு வார்த்தை. குடும்ப மருத்துவர் எழுதத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் நீங்கள்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு, யாருக்கும் புரியாத கையெழுத்தில் மாத்திரைப் பெயரை மட்டும் கிறுக்கி அனுப்பினால் அவர் என்ன செய்வார்? ஒரு பக்கக் கடிதம் போதும். என்ன வகை வலிப்பு, என்ன மருந்து, என்ன அளவு, எதற்காக இந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தீர்கள், வேளை தவறினால் என்ன செய்ய வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், "இதை நீங்கள் தொடர்ந்து எழுதலாம்" என்ற ஒரு வரி. இந்த ஒரு வரி இல்லாததால் எத்தனை பேர் அலைகிறார்கள் என்று நீங்கள் பார்ப்பதில்லை, ஏனென்றால் அலைகிறவர்கள் உங்கள் அறைக்கு வெளியே அலைகிறார்கள்.

எங்கள் பக்கமும் சரியில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. குடும்ப மருத்துவர் எழுதித் தருகிறார் என்பதற்காகப் பத்து வருடமாக நிபுணர் பக்கமே போகாதவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய மருந்து அதற்குள் பழசாகியிருக்கலாம், அந்த மருந்தால் எலும்பு தேய்ந்திருக்கலாம், மருந்தே தேவைப்படாத நிலைக்கும் வந்திருக்கலாம். நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது "நிபுணரைப் பார்த்தீர்களா?" என்று கண்டிப்போடு கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆனால் கேள்வியையும் மாத்திரையையும் ஒன்றோடொன்று கட்டிப்போடாதீர்கள். பார்த்துவிட்டு வந்தால்தான் மாத்திரை என்று நிபந்தனை வைத்தால், மக்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இருக்கிற மாத்திரையைக் கத்தியால் பாதியாக்கி நாளை ஓட்டுகிறார்கள். மெதுவாகக் கரைகிற மாத்திரையில் உடைக்கக் கூடாத வகையையும் உடைக்கிறார்கள். ஒரு வேளை விட்டு ஒரு வேளை போடுகிறார்கள். வலிப்பு இருக்கிற உறவுக்காரரிடம் ஒரு அட்டை கடன் வாங்குகிறார்கள், அதில் இருப்பது வேறு மில்லிகிராம் என்பதைப் பார்க்காமல். சீட்டில்லாமல் கொடுக்கிற கடையைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். நீங்கள் எழுதாமல் விட்ட மருந்தை அவர்கள் சாப்பிடாமல் இருப்பதில்லை. யாரும் பார்க்காத இடத்தில் தப்பும் தவறுமாகச் சாப்பிடுகிறார்கள்.

2022 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில் எல்லா நாடுகளும் சேர்ந்து வலிப்பு உள்ளிட்ட நரம்பியல் நோய்களுக்கு 2031 வரைக்குமான செயல்திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டன. வலிப்பு நோய்க்கான சேவை எட்டும் அளவை 2021-ல் இருந்ததைவிட 50 சதவீதம் கூட்டுவது அதன் இலக்குகளில் ஒன்று. நிபுணர்களின் எண்ணிக்கையை அந்த வேகத்தில் யாரும் கூட்டிவிட முடியாது. அந்த இலக்கு எட்டப்படுமானால் உங்கள் அறைகளில்தான் எட்டப்படும்.

உங்கள் சங்கங்கள் இதற்கு ஒரு எழுத்து வழிகாட்டுதல் தரட்டும்: கட்டுக்குள் இருக்கும் வலிப்பு நோயாளிக்கு, நிபுணர் தொடங்கிய மருந்தை மாற்றாமல் தொடர்ந்து எழுதலாம், அப்படி எழுதும் மருத்துவருக்குச் சங்கம் துணை நிற்கும் என்று. "நீ ஏன் எழுதினாய்?" என்ற கேள்விக்கான பதில் உங்கள் கையில் காகிதமாக இருக்கட்டும். எங்கள் பங்குக்கு நாங்கள் நிபுணரின் கடைசிக் கடிதம், பழைய சீட்டு, இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டைகள், வலிப்பு வந்த நாட்களைக் குறித்த நோட்டு, இவற்றோடு வருகிறோம். கடைசி மாத்திரை வரைக்கும் காத்திருக்காமல் இரண்டு வாரம் முன்னதாகவே வருகிறோம்.

இப்படிக்கு,
மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வதையே பாதி வேலையாக வைத்திருக்கும் ஒருத்தி